சார்ல்ஸ் டிக்கன்ஸ்: மறைத்து வைத்த வெட்கம்

ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1870ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9ஆம் தேதி காலமானபோது, அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை அனைத்தும் தமக்குத் தெரியும் என்றே அவரது வாசகர்கள் எண்ணியிருந்தனர். அவரது நாவல்கள் வாரந்தோறும் மாதந்தோறும் தொடராக வெளிவந்து பிரிட்டனின் பெரும்பாலான படித்த குடும்பங்களைச் சென்றடைந்திருந்தன. அவர் மேடையில் தமது கதைகளை வாசித்துக் காட்டியதை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஏராளமானோர் நேரில் கேட்டிருந்தனர். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

ஆனால் ஒன்றரை ஆண்டுகளுக்குப் பின்னர், 1871ஆம் ஆண்டின் இறுதியில், அவரது நெருங்கிய நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் முதல் பாகம் வெளியானது. அதில் இருந்த ஒரு செய்தி வாசகர்களை மட்டுமின்றி டிக்கன்ஸின் பிள்ளைகளில் பெரும்பாலோரையும் வியப்பில் ஆழ்த்தியது. பன்னிரண்டு வயதில் டிக்கன்ஸ் காலணிகளுக்குப் பூசும் கறுப்பு பாலிஷ் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் கூலி வேலை செய்திருக்கிறார் என்பதும், அதே காலத்தில் அவரது தந்தை கடனாளிகளுக்கான சிறையில் இருந்திருக்கிறார் என்பதுமே அச்செய்தி.

ஏழைச் சிறுவர்களின் துயரத்தை உலகறியச் செய்த ஓர் எழுத்தாளர், தமது சொந்தச் சிறுவயதுத் துயரத்தை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் மறைத்து வாழ்ந்தது ஏன்? அச்சிறுவன் எந்தக் குற்றமும் செய்தவன் அல்லன். ஆயினும் குற்றவாளி ஒருவர் தமது கடந்த காலத்தை மறைப்பது போலவே டிக்கன்ஸ் அதை மறைத்தார்.

வெட்கமும் குற்ற உணர்வும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவற்றுக்கிடையே முக்கியமான வேறுபாடு உண்டு. குற்ற உணர்வு நாம் செய்த ஒரு செயலைப் பற்றியது. அச்செயலால் பாதிக்கப்பட்டவரை நோக்கி அது நம்மைத் திருப்புகிறது. மன்னிப்புக் கேட்டோ ஈடு செய்தோ அதிலிருந்து மீள வழியுண்டு. வெட்கமோ நாம் யார் என்பதைப் பற்றியது. பிறர் கண்களில் நாம் எப்படித் தெரிகிறோம் என்ற அச்சத்தில் அது பிறக்கிறது. அதற்கு மனிதர்கள் பெரும்பாலும் தேடும் மருந்து மறைப்பதுதான். டிக்கன்ஸின் வாழ்க்கை, இவ்விரு உணர்வுகளில் ஒன்று அளவுக்கு மீறி வளர்ந்தபோது மற்றதற்கு என்ன நேர்ந்தது என்பதைக் காட்டுகிறது.

கனவான் என்ற கனவு

சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1812ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்ஸ்மத் நகரில், எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவராகப் பிறந்தார். தந்தை ஜான் டிக்கன்ஸ் கடற்படையின் சம்பளப் பட்டுவாடா அலுவலகத்தில் எழுத்தர். தாய் எலிசபெத், அதே அலுவலகத்தில் உயர் பதவி வகித்த சார்ல்ஸ் பாரோ என்பவரின் மகள்.

வெளிப்பார்வைக்கு இது நடுத்தர வர்க்கத்துக் குடும்பம். ஆனால் அந்தத் தகுதியின் அடித்தளம் மிகவும் மெல்லியது. ஜான் டிக்கன்ஸின் பெற்றோர் க்ரூ என்ற பிரபுக் குடும்பத்தின் மாளிகையில் பணியாளர்களாக இருந்தவர்கள். தாய்வழிப் பாட்டனாரோ அலுவலகப் பணத்தைக் கையாடியது 1810ஆம் ஆண்டில் வெளிப்பட்டதையடுத்து நாட்டை விட்டுத் தப்பியோடியவர். குடும்பத்தில் பேசப்படாத செய்திகள், டிக்கன்ஸ் பிறப்பதற்கு முன்னரே இருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் கனவான் என்ற சொல்லுக்கு இருந்த வலிமையை இன்று முழுமையாக உணர்வது கடினம். அது பணத்தை மட்டும் குறித்ததன்று. உடை, உச்சரிப்பு, கல்வி, கைகளால் உழைக்காத தொழில், கடனை உரிய நேரத்தில் அடைக்கும் நாணயம் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். பிரபுக்கள் குலத்தில் பிறந்தவருக்கு அந்தப் பட்டம் எளிதில் பறிபோவதில்லை. ஜான் டிக்கன்ஸ் போன்ற எழுத்தர்களுக்கோ அது ஒவ்வொரு நாளும் நடித்துக் காட்ட வேண்டிய பாத்திரம். விருந்தோம்பலிலும் ஆடம்பரமான பேச்சிலும் அவர் அப்பாத்திரத்தை நன்றாகவே நடித்தார். அதற்கான செலவு அவரது வருமானத்தை மீறியது.

1822ஆம் ஆண்டு குடும்பம் லண்டனின் கேம்டன் டவுன் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. மூத்த மகள் ஃபேனி அரச இசைக் கல்விக்கழகத்தில் சேர்க்கப்பட்டாள். படிப்பில் ஆர்வம் மிகுந்த சார்ல்ஸ் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. வீட்டில் தந்தையின் காலணிகளைத் துடைப்பதும், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதும், வீட்டுப் பொருட்களை ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குக் கொண்டு செல்வதும் அவனது வேலைகளாயின. முதலில் விற்கப்பட்டவற்றில் அவன் நேசித்த புத்தகங்களும் அடங்கும்.

படித்துறையோரத் தொழிற்சாலை

1824ஆம் ஆண்டு பிப்ரவரியில், பன்னிரண்டாவது பிறந்தநாளையொட்டி, சார்ல்ஸ் வேலைக்கு அனுப்பப்பட்டான். உறவினர் ஒருவரின் பொறுப்பில் இருந்த வாரன் பாலிஷ் தொழிற்சாலை, தேம்ஸ் நதிக்கரையில் ஹங்கர்ஃபோர்ட் படித்துறையை ஒட்டியிருந்த, எலிகள் நிறைந்த பழைய கட்டடமொன்றில் இயங்கியது. பாலிஷ் ஜாடிகளின் வாயைத் தாளால் மூடி, நூலால் கட்டி, ஓரத்தைச் சீராக வெட்டி, பெயர்ச்சீட்டு ஒட்டுவது அவனது வேலை. வாரக் கூலி ஆறு ஷில்லிங்.

அடுத்த சில நாட்களில், ரொட்டிக் கடைக்காரர் ஒருவருக்குத் தர வேண்டிய சுமார் 40 பவுண்ட் கடனுக்காக ஜான் டிக்கன்ஸ் கைது செய்யப்பட்டு, தேம்ஸின் தென்கரையிலுள்ள மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். கடனாளி சிறைக்குச் சென்றால் அவரது குடும்பமும் உடன் தங்கலாம் என்பது அக்கால வழக்கம். தாயும் இளைய பிள்ளைகளும் சிறைக்குள் குடியேறினர். வெளியே வாடகை அறையில் தனித்து விடப்பட்ட சார்ல்ஸ், வாரக் கூலி தீர்ந்துவிடாமல் இருக்க அதை நாளுக்கு ஒன்றாகச் சிறு பொட்டலங்களாகக் கட்டி வைத்துச் செலவு செய்தான்.

பசியும் தனிமையும் அக்கால லண்டனில் ஆயிரக்கணக்கான சிறுவர்களின் வாழ்வாக இருந்தன. சார்ல்ஸின் வேதனையில் இன்னொன்றும் கலந்திருந்தது. கனவானாக வேண்டியவன் என்று நம்ப வைக்கப்பட்ட அவன், இப்போது உழைப்பாளிச் சிறுவர்களுள் ஒருவன். தான் எப்படி அங்கு வந்து சேர்ந்தான் என்பதை அவன் எவரிடமும் சொல்லவில்லை. தன்னை எவரும் ஏளனமாகப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே மற்றவர்களுக்கு இணையாக வேகமாக வேலை செய்யப் பழகிக்கொண்டான். அவர்களோ அவனைச் சின்னக் கனவான் என்று அழைத்தனர்.

அங்கே பாப் ஃபேகின் என்ற, அவனைவிட மூத்த சிறுவன் ஒருவன் அவனிடம் பரிவு காட்டினான். ஒருநாள் சார்ல்ஸுக்கு விலாவில் கடும் வலி ஏற்பட்டபோது, வெற்று பாலிஷ் புட்டிகளில் வெந்நீர் நிரப்பி நாள் முழுவதும் ஒத்தடம் கொடுத்தான் பாப். மாலையில் அவனைத் தனியே அனுப்ப மனமின்றி வீடுவரை துணைக்கு வந்தான். வீட்டார் சிறையில் இருப்பதைச் சொல்ல சார்ல்ஸுக்கு வாய் வரவில்லை. சதக் பாலத்தருகே இருந்த முன்பின் தெரியாத ஒரு வீட்டின் வாசற்படியில் நின்று, இதுதான் என் வீடு என்று கைகுலுக்கி விடைபெற்றான். பாப் திரும்பிப் பார்த்துவிடக் கூடுமென்று அஞ்சி அந்த வீட்டின் கதவையும் தட்டினான். கதவைத் திறந்த பெண்ணிடம், ராபர்ட் ஃபேகின் என்பவரின் வீடு இதுதானா என்று கேட்டுச் சமாளித்தான்.

வெட்கம் மனிதரை எப்படி வேலை வாங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. நோயுற்ற ஒரு குழந்தை, தன்னிடம் அன்பு காட்டும் ஒரே நண்பனை ஏமாற்றத் தனது கடைசி வலுவையும் செலவிடுகிறது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் ஒலிவர் ட்விஸ்ட் நாவலை எழுதத் தொடங்கியபோது, சிறுவர்களைத் திருடப் பழக்கும் வில்லனுக்கு ஃபேகின் என்ற பெயரையே டிக்கன்ஸ் சூட்டினார். பரிவு காட்டிய நண்பனின் பெயர் வில்லனுக்குச் சென்றது விமர்சகர்களை நீண்டகாலம் சிந்திக்க வைத்திருக்கிறது. தன்னை அந்த வாழ்வோடு பிணைத்துவிடக் கூடிய அன்பு அது என்பதால், கொடுமையைவிட அதுவே சிறுவனை அதிகம் அச்சுறுத்தியது என்பது அவர்களுள் சிலரது விளக்கம்.

ஜன்னலில் தெரிந்த சிறுவன்

மார்ஷல்சீயிலிருந்து விடுதலை பெற, திவாலான கடனாளிகளுக்கான சட்டத்தின் உதவியை ஜான் டிக்கன்ஸ் நாடினார். குடும்பத்தினரின் உடைகளும் சொந்தப் பொருட்களும் 20 பவுண்டுக்கு மேற்படக் கூடாது என்பது அச்சட்டத்தின் நிபந்தனை. எனவே சிறுவன் சார்ல்ஸும் தான் அணிந்திருந்த உடையை மதிப்பிடுவதற்காக ஓர் அதிகாரி முன் நிற்க வேண்டியிருந்தது. பாட்டி கொடுத்த வெள்ளிக் கடிகாரம் சட்டைப் பைக்குள் உரக்கத் துடித்துக்கொண்டிருக்க, அது அதிகாரியின் காதில் விழுந்துவிடுமோ என்று நடுங்கியபடி அவன் நின்றான்.

மே மாத இறுதியில் தந்தை விடுதலையானார். அவரது தாயார் இறந்ததால் கிடைத்த சொத்தும் கடனை அடைக்கக் கைகொடுத்தது. ஆனால் சார்ல்ஸ் தொழிற்சாலையிலிருந்து மீட்கப்படவில்லை. ஜூன் மாதத்தில் ஃபேனி இசைக் கல்விக்கழகத்தில் பரிசு பெற்றபோது, பார்வையாளர்களிடையே அமர்ந்திருந்த அவன் கண்ணீர் வழிய, தன் இழிநிலை நீங்க வேண்டுமென்று அன்றிரவு வேண்டிக்கொண்டான்.

பின்னர் தொழிற்சாலை கோவன்ட் கார்டன் பகுதியிலுள்ள சாண்டோஸ் தெருவுக்கு இடம் மாறியது. வெளிச்சத்துக்காகச் சிறுவர்கள் ஜன்னலோரம் உட்கார்த்தி வைக்கப்பட்டனர். அவர்களது கை வேகத்தை வேடிக்கை பார்க்கத் தெருவில் கூட்டம் கூடும். ஒருநாள் தந்தையும் உள்ளே வந்து அந்தக் காட்சியைக் கண்டார். இதை அவர் எப்படிச் சகித்துக்கொண்டார் என்ற கேள்வி சார்ல்ஸின் மனதில் நிலைத்துவிட்டது. இறுதியில் தந்தைக்கும் அந்த உறவினருக்கும் இடையே சிறுவனைக் குறித்து ஏற்பட்ட சச்சரவில் வேலை முடிவுக்கு வந்தது. தாய் சமாதானம் பேசி மகனை மீண்டும் அனுப்ப விரும்பினார். தந்தை மறுத்துப் பள்ளிக்கு அனுப்பினார். குடும்பத்தைச் சிறைக்குக் கொண்டு சென்ற தந்தையை மன்னிக்க முடிந்த டிக்கன்ஸால், ஆறு ஷில்லிங்கை இழக்க விரும்பாத தாயை முழுமையாக மன்னிக்க முடியவில்லை.

அதன்பின் பெற்றோர் இருவரும் அந்த மாதங்களைப் பற்றி அவரிடம் ஒருபோதும் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. இந்த மௌனம் தண்டனையைவிட ஆழமாக வேலை செய்தது. தண்டனை என்றால் முடிவு உண்டு. பேசக்கூடாத ஒன்றாக ஒரு நிகழ்வு ஆக்கப்பட்டுவிட்டால், அதில் தனக்கே ஏதோ கறை ஒட்டியிருக்கிறது என்று குழந்தை முடிவு செய்துகொள்கிறது.

புகழும் கண்காணிப்பும்

பதினைந்து வயதில் வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர், பின்னர் சுருக்கெழுத்தாளர், நாடாளுமன்றச் செய்தியாளர் என டிக்கன்ஸ் வேகமாக முன்னேறினார். 1836ஆம் ஆண்டு கேத்தரின் ஹோகார்த்தை மணந்தார். அதே ஆண்டு தொடங்கிய பிக்விக் பேப்பர்ஸ் தொடர் முடியும் தறுவாயில் மாதம் 40,000 பிரதிகள் விற்றது. இருபத்தைந்து வயதில் அவர் நாடறிந்த எழுத்தாளர்.

ஆயினும் வெட்கம் புகழால் கரையவில்லை. பெரியவரான பின்னரும் ஹங்கர்ஃபோர்ட் படித்துறை இருந்த இடத்துக்குச் செல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. அந்தப் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்ட பின்னரே அங்கு சென்றார். பாலிஷ் புட்டிகளின் தக்கைகளில் பூசும் பசையின் வாடையைத் தவிர்க்கத் தெருவின் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார். கடனுக்கு அஞ்சி ஓய்வின்றி எழுதினார். தந்தையோ மகனின் புகழைக் காட்டிப் பதிப்பாளர்களிடம் இரகசியமாகப் பணம் வாங்கத் தொடங்கினார். 1839இல் பெற்றோரை லண்டனிலிருந்து தொலைவில் டெவன் பகுதியில் ஒரு வீட்டில் குடியமர்த்திய டிக்கன்ஸ், 1841இல் தமது பெயரைச் சொல்லி வாங்கப்படும் கடன்களுக்குத் தாம் பொறுப்பல்ல என்று பத்திரிகைகளில் அறிவித்தல் கொடுக்க நேர்ந்தது.

1847ஆம் ஆண்டளவில் ஒரு தற்செயல் நிகழ்வு இரகசியத்தை உடைத்தது. ஜான் டிக்கன்ஸின் பழைய சக ஊழியரான டில்க் என்பவர், ஸ்ட்ராண்ட் பகுதியில் ஒரு கிடங்கில் வேலை செய்த சிறுவன் சார்ல்ஸுக்குத் தாம் அரை க்ரௌன் நாணயம் கொடுத்ததாக ஃபார்ஸ்டரிடம் நினைவுகூர்ந்திருந்தார். இதை ஃபார்ஸ்டர் கேட்டபோது டிக்கன்ஸ் சில நிமிடங்கள் பேச்சற்றுப் போனார். பின்னர் அந்த நாட்களைப் பற்றித் தமது கையால் எழுதி நண்பரிடம் ஒப்படைத்தார். வெளியிடத் துணியாத அந்தத் தன்வரலாற்றுக் குறிப்பின் பகுதிகள், 1849 முதல் 1850 வரை வெளிவந்த டேவிட் காப்பர்ஃபீல்ட் நாவலில் கற்பனையாக இடம்பெற்றன. பாலிஷ் ஜாடிகள் மதுப் புட்டிகளாயின. தந்தையின் ஆடம்பரமும் கடனும் மிக்காபர் என்ற நகைச்சுவைப் பாத்திரமாயின. உலகமே படித்தது, அது எவருடைய கதை என்பதை மட்டும் உலகம் அறியவில்லை.

இதே காலத்தில் டிக்கன்ஸ் செய்த ஒரு பணி அவரது மனதை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. செல்வந்தரான ஏஞ்சலா பர்டெட் கூட்ஸின் பொருளுதவியுடன், பாலியல் தொழிலிலும் சிறு குற்றங்களிலும் சிக்கிய இளம் பெண்களுக்காக லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் யுரேனியா காட்டேஜ் என்ற இல்லத்தை 1847இல் அவர் தொடங்கினார். அங்கு சீருடை இல்லை. பெண்களுக்கு நல்ல வண்ண உடைகள் வழங்கப்பட்டன. ஒவ்வொரு பெண்ணும் தனது கதையை ஒருமுறை அவரிடம் சொல்ல வேண்டும். அதன்பின் எவரிடமும் அதைப் பேசக் கூடாது. பணியாளர்களும் கேட்கக் கூடாது. பயிற்சி முடிந்ததும் ஆஸ்திரேலியா போன்ற தொலைதூர நாடுகளில் அவர்கள் புதுவாழ்வு தொடங்குவர். கடந்த காலத்தைத் திரும்பத் திரும்ப நினைவூட்டித் திருத்த முயன்ற அக்கால மத நிறுவனங்களின் வழக்கத்துக்கு இது நேர் எதிரானது. வெட்கத்தால் மனிதர் திருந்துவதில்லை என்பதை டிக்கன்ஸ் அனுபவத்தில் அறிந்திருந்தார். ஆனால் அவர் அப்பெண்களுக்கு அளித்த மருந்தும் மறைப்பதுதான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

1858: பொறுப்பு இடம் மாறுகிறது

அந்நியர்களுக்கு அவர் காட்டிய இந்தப் பரிவு, தமது வீட்டில் சோதனைக்கு உள்ளானபோது நிலைக்கவில்லை. 1857இல், நாற்பத்தைந்து வயதான டிக்கன்ஸ் எலன் டெர்னன் என்ற பதினெட்டு வயது நடிகையைச் சந்தித்தார். பத்துப் பிள்ளைகளைப் பெற்ற கேத்தரினுடனான மணவாழ்க்கை அவருக்குத் தாங்க முடியாததாகத் தோன்றத் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் இருவரது படுக்கையறைகளுக்கும் இடையேயான வழியை அடைத்துவிடுமாறு வீட்டுப் பணியாளருக்கு உத்தரவிட்டார்.

1858 ஜனவரியில் இங்கிலாந்தில் விவாகரத்துக்கான புதிய நீதிமன்றம் செயற்படத் தொடங்கியிருந்தது. ஆனால் அங்கு சென்றால் அனைத்தும் பகிரங்கமாகும். குடும்ப வாழ்வின் இனிமையை எழுதியே மக்களின் அன்பைப் பெற்ற ஒருவருக்கு அது பேரழிவு. எனவே தனிப்பட்ட ஒப்பந்தத்தின் மூலம் பிரிவு நடந்தது. கேத்தரினுக்கு ஆண்டுக்கு 600 பவுண்ட் ஒதுக்கப்பட்டது. மூத்த மகன் மட்டும் தாயுடன் சென்றார். மற்றப் பிள்ளைகள் தந்தையிடமே இருந்தனர். அவர்களைக் கவனித்துக்கொண்டவர் கேத்தரினின் சொந்தத் தங்கை ஜார்ஜினா.

வதந்திகள் எழுந்தன. சாண்டோஸ் தெரு ஜன்னலோரத்தில் அமர்ந்திருந்த சிறுவன் எதற்கு அஞ்சினானோ அது மீண்டும் நேர்ந்தது: ஊர் வேடிக்கை பார்த்தது. டிக்கன்ஸ் அதற்கு ஆற்றிய எதிர்வினை அவரது நண்பர்களையும் திகைக்க வைத்தது. ஜூன் 12ஆம் தேதி, தாம் நடத்திய ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ் இதழில், தமது குடும்பப் பிரச்சினை இணக்கமாகத் தீர்க்கப்பட்டதாகவும், பரவும் வதந்திகள் பொய்யென்றும் ஓர் அறிக்கை வெளியிட்டார். அப்படியொரு பிரச்சினை இருப்பதே பெரும்பாலான வாசகர்களுக்கு அதைப் படித்த பின்னர்தான் தெரிந்தது. அந்த அறிக்கையை வெளியிடாத பன்ச் இதழின் பதிப்பாளர்களுடன் உறவை முறித்துக்கொண்டார். நெடுநாள் நண்பர்கள் சிலரையும் இழந்தார்.

ஆகஸ்டில் அவரது மற்றொரு கடிதம் நியூயார்க் பத்திரிகையில் வெளியாகி லண்டனுக்கும் வந்து சேர்ந்தது. கேத்தரினுக்கு மனக்கோளாறு இருப்பதாகவும், பிள்ளைகள் மீது அவருக்குப் பற்றில்லை என்றும் அதில் டிக்கன்ஸ் குறிப்பிட்டிருந்தார். கடிதம் தமது அனுமதியின்றி வெளியானதாக அவர் சொன்னாலும், பிறருக்குக் காட்டும்படி அதைத் தம் உதவியாளரிடம் கொடுத்தவர் அவரே. கேத்தரினை மனநோய் விடுதியில் சேர்க்கவும் டிக்கன்ஸ் முயன்றதாக, கேத்தரின் தமது இறுதி நாட்களில் அண்டை வீட்டு நண்பரிடம் கூறியதைக் காட்டும் கடிதங்களை 2019ஆம் ஆண்டில் யார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் போவன் வெளிக்கொணர்ந்தார்.

பன்னிரண்டு வயதில் செய்யாத குற்றத்துக்காக வெட்கப்பட்டவர், நாற்பத்தாறு வயதில் செய்த தவறுக்காகக் குற்ற உணர்வு கொண்டதாக வெளியில் தெரியவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. தாம் இழிவானவராகத் தெரிந்துவிடுவோம் என்ற அச்சம் மனதை முழுமையாக நிறைத்துக்கொள்ளும்போது, தம்மால் பாதிக்கப்பட்டவரைப் பார்க்க அங்கே இடமிருப்பதில்லை. வெட்கத்தை யார் தலையிலாவது இறக்கி வைத்தாக வேண்டும். திருமணமான பெண்ணுக்குச் சட்டத்திலும் சமூகத்திலும் குரல் குறைவாக இருந்த அக்காலத்தில் கேத்தரின் அதற்கு எளிதாக அகப்பட்டார்.

பிப்பின் கரடுமுரடான கைகள்

1860 செப்டம்பரில், கென்ட் பகுதியில் தாம் வாங்கியிருந்த காட்ஸ் ஹில் இல்லத்தின் தோட்டத்தில், இருபது ஆண்டுகளாகத் தமக்கு வந்த கடிதங்கள் அனைத்தையும் டிக்கன்ஸ் தீயிட்டார். அதையடுத்த மாதங்களில் அவர் எழுதிய நாவல்தான் கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ். பழையதைத் திரும்பச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக டேவிட் காப்பர்ஃபீல்டை மீண்டும் படித்தபோது தமக்கு ஏற்பட்ட மனநெகிழ்ச்சியை ஃபார்ஸ்டருக்கு எழுதினார்.

கொல்லர் ஜோவின் பட்டறையில் வளரும் அனாதைச் சிறுவன் பிப், செல்வந்தர் வீட்டுச் சிறுமி எஸ்டெல்லா தனது கரடுமுரடான கைகளையும் தடித்த காலணிகளையும் எள்ளி நகையாடும் நாள்வரை, அவற்றைப் பற்றி நினைத்ததே இல்லை. அன்று முதல் அவனது கண்களுக்குள் எஸ்டெல்லாவின் கண்கள் குடியேறுகின்றன. தன்னை வளர்த்த வீடும் அன்பான ஜோவும் அவனுக்கு வெட்கத்துக்குரியவை ஆகின்றன. இரகசியமாக வந்த பணத்தால் லண்டனில் கனவானாகிவிட்ட பிப்பைக் காண ஜோ வரும்போது, அவர் வராமல் இருந்தால் பணம் கொடுக்கக்கூடத் தயாராக இருக்கிறான் அவன்.

டேவிட் காப்பர்ஃபீல்ட் தனக்கு நேர்ந்த அநீதியைச் சொல்பவன். பிப் தான் இழைத்த அநீதியைச் சொல்பவன். முதல் நாவலில் வெட்கம் மட்டுமே இருக்கிறது. இரண்டாவதில் வெட்கத்துக்கு அடியில் புதைந்திருந்த குற்ற உணர்வு வெளிவருகிறது. தனக்கு வந்த பணம் ஒரு தண்டனைக் கைதியின் உழைப்பு என்பதைப் பிப் அறிகிறான். அந்தக் கைதியின் கையைப் பற்றிக்கொண்டு நீதிமன்றத்தில் எல்லோர் பார்வையிலும் அமர்ந்திருக்கிறான். நோயிலும் கடனிலும் தன்னைக் காப்பாற்றிய ஜோவிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

கதையில் சாத்தியமானது வாழ்வில் நிகழவில்லை. பிரிவுக்குப் பிந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் கேத்தரினுக்கு டிக்கன்ஸ் எழுதிய கடிதங்கள் மிகச் சிலவே. பதினாறு வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கு அனுப்பப்பட்ட அவர்களது மகன் வால்டர், 1863ஆம் ஆண்டின் கடைசி நாளில் கல்கத்தாவில், கடன்களை விட்டு இறந்தார். செய்தி மறு ஆண்டு பிப்ரவரியில், டிக்கன்ஸின் பிறந்தநாளன்று லண்டனை எட்டியது. இந்தத் தருணத்திலாவது மனைவியுடன் சமாதானமாகுமாறு ஏஞ்சலா பர்டெட் கூட்ஸ் விடுத்த வேண்டுகோளையும் டிக்கன்ஸ் மறுத்துவிட்டார்.

பரம்பரைச் சொத்து

1865 ஜூன் 9ஆம் தேதி, ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் நிகழ்ந்த ரயில் விபத்தில் பத்துப் பேர் உயிரிழந்தனர். எலனுடனும் அவரது தாயுடனும் அந்த ரயிலில் பயணம் செய்த டிக்கன்ஸ், தமது தொப்பியில் தண்ணீர் சுமந்து காயமுற்றோருக்கு உதவினார். விசாரணையில் சாட்சியம் அளிப்பதை மட்டும் தவிர்த்தார். உடன் பயணம் செய்தவர்கள் யாரென்று தெரிந்துவிடும் என்ற அச்சமே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

1869 கிறிஸ்துமஸ் காலத்தில், அவரது இறுதிக் கிறிஸ்துமஸில், பிள்ளைகளுடன் ஒரு ஞாபக விளையாட்டு நடந்தது. ஒவ்வொருவரும் முன்னவர் சொன்னவற்றோடு ஒரு பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமது முறை வந்தபோது டிக்கன்ஸ், வாரன் பாலிஷ் நிறுவனத்தின் பெயரையும் ஸ்ட்ராண்ட் முகவரியையும் சொன்னார். அவரது கண்களில் ஒரு விசித்திர ஒளி தெரிந்ததை மகன் ஹென்றி கவனித்தார். பொருள் அவருக்குப் புரியவில்லை. ஃபார்ஸ்டரின் நூலைப் படித்தபோதுதான் புரிந்தது.

டிக்கன்ஸின் மறைவுக்குப் பின்னரும் அவரது வெட்கம் மறையவில்லை. எலன் டெர்னன் தமது வயதைப் பத்தாண்டுகளுக்கு மேல் குறைத்துச் சொல்லி, 1876இல் ஒருவரை மணந்து, மதிப்புமிக்க குடும்பத் தலைவியாக வாழ்ந்தார். 1914இல் அவர் இறந்த பின்னரே, தாயின் காகிதங்களின் வழியாக அவரது மகன் உண்மையை அறிந்து மனமுடைந்தார். வேறொரு வீட்டில், வேறொரு தலைமுறையில், அதே கதை மீண்டும் நடந்தது.

கேத்தரின் 1879இல் இறப்பதற்கு முன்னர், டிக்கன்ஸ் தமக்கு எழுதிய கடிதங்களை மகள் கேட்டிடம் கொடுத்து, தம்மை அவர் ஒருகாலத்தில் நேசித்தார் என்பதை உலகம் அறியும்படி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொண்டார். கணவர் தம்மிடம் வந்த கடிதங்களை எரித்தார். மனைவி தம்மிடம் இருந்தவற்றைப் பாதுகாத்தார். கேட் அந்த வேண்டுகோளை நிறைவேற்றினார்.

பிரிவின்போது கேட்டுக்குப் பதினெட்டு வயது. தந்தையின் புகழுக்கும் கோபத்துக்கும் முன்னால் தாயின் பக்கம் நிற்கத் தவறியதற்காக முதுமைவரை அவர் தம்மையே குறைகூறிக்கொண்டார். 1929இல் அவர் இறந்த பின்னர், அவரிடம் கேட்டறிந்தவற்றை கிளாடிஸ் ஸ்டோரி என்ற அவரது தோழி 1939ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டபோதுதான், எலனைப் பற்றிய உண்மை குடும்பத்துக்குள்ளிருந்தே உறுதியானது. தந்தையை மிகவும் நேசித்த மகளாகவே அவர் அதைச் சொன்னார். தந்தை சுமக்க மறுத்த குற்ற உணர்வை அவர்தான் எழுபது ஆண்டுகள் சுமந்திருந்தார்.

மார்ஷல்சீ சிறை 1842இல் மூடப்பட்டது. கடனுக்காகச் சிறையில் அடைக்கும் வழக்கத்தை, டிக்கன்ஸ் இறப்பதற்கு முந்தைய ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் பெரும்பாலும் ஒழித்தது. சிறையின் ஒரு நீண்ட செங்கல் சுவர் மட்டும் லண்டன் சதக் பகுதியில் எஞ்சியிருக்கிறது. ஹங்கர்ஃபோர்ட் படித்துறை இருந்த பகுதியில் சேரிங் கிராஸ் ரயில் நிலையம் எழுந்துவிட்டது. பாப் ஃபேகின் விடைபெற்றுச் சென்றதைப் பார்த்தபடி, தனதல்லாத வீட்டின் படியில் நின்ற சிறுவனை, அந்த வழியாகச் செல்வோரில் எவரும் இழிவாக நினைக்கப் போவதில்லை. அப்படி நினைப்பார்கள் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்த சமூகம், தனது கணக்கை அவனிடமிருந்தும், அவனது மனைவியிடமிருந்தும், மகளிடமிருந்தும் முழுமையாக வசூலித்துக்கொண்டது.